ஹார்ட்வெல் கோயிலில் கை பதிந்த செங்கல்

யாரோ சொல்லக் கேட்டு நான் இதை எழுதவில்லை. பாதியைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மீதியை, அதை அனுபவித்தவன் வாயிலிருந்தே கேட்டேன். தேதி, மணி எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் படித்து முடித்துவிட்டு, 'நல்லா கதை விடறான்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இது என் தங்கை வீட்டில் நடந்தது.

என் பெயர் வெண்டல். தங்கை ரொவீனா. அவள் கணவன் டெல்மர் பில்லப்ஸ், கொத்தனார். வர்ஜீனியாவில் எங்கள் பக்கம் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சுவர் எது விரிசல் விட்டாலும் டெல்மரைத்தான் கூப்பிடுவார்கள். சிமெண்டைத் தொட மாட்டான். சுண்ணாம்பைத் தானே நீற்றி, பழைய காரை எப்படி இருக்கிறதோ அதே பதத்தில் கலப்பான். பழைய செங்கல் கிடைக்காவிட்டால் ஓடைக்கரையில் மண் எடுத்து, அச்சில் அறுத்து, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்னச் சூளையில் சுட்டு எடுப்பான். மண் சுமப்பதும் காரை கலப்பதும் என் வேலை. பதினோரு வருஷம் அப்படிச் சேர்ந்து உழைத்தோம்.

ஹார்ட்வெல் கோயில் 1719-இல் கட்டிய கிறிஸ்தவ ஆலயம். அப்போது அது இங்கிலாந்து ராஜாவின் சபை. நாடு விடுதலையானதும் ராஜாவுக்காக ஜெபித்த ஆயர் கப்பல் ஏறிவிட்டார். கோயில் 'எபிஸ்கோப்பல்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. அப்புறம் முப்பது வருஷம் பூட்டிக் கிடந்து மாடு அடைந்தது. உள்நாட்டுப் போரில் குதிரைப் படைக்காரர்கள் பெஞ்சுகளைப் பிளந்து குளிர் காய்ந்தார்கள். இவ்வளவும் வாசலில் வைத்திருக்கும் சின்னப் புத்தகத்தில் உண்டு. அந்தச் செங்கற்களை அறுத்தது யார் என்பது மட்டும் அதில் இல்லை.

கறுப்பர்களான எங்களுக்குத் தெரியும். அந்தச் சேகரத்துக்கே, அதாவது சபைக்கே, சொந்தமாக அடிமைகள் இருந்தார்கள். மணி, கிண்ணம், பெஞ்சு போல அவர்களும் கோயில் சொத்து. டெல்மரின் முன்னோர்கள் அவர்களில் சேர்த்தி என்பது எங்கள் ஊர்ப் பேச்சு.

2019-இல் கோயிலுக்கு முந்நூறு வருஷம் ஆனது. விழாக் கமிட்டியின் செயலாளர் மிஸ் எலோயிஸ். எழுபத்துநாலு வயது. பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். வசந்தகாலத்தில் ஒரு சாயங்காலம் வடக்குச் சுவரில் வெயில் சாய்ந்து விழுந்தபோது, தரையிலிருந்து மூன்றாவது வரிசைச் செங்கலில் ஏதோ பள்ளமாகத் தெரிந்திருக்கிறது. குனிந்து பார்த்திருக்கிறார்.

ஒரு குழந்தையின் வலது கை. ஐந்து விரலும் அப்படியே.

ஈர மண்ணாக இருந்தபோது யாரோ ஒரு பிள்ளை தூக்கிப் பிடித்த இடம். மிஸ் எலோயிஸ் அங்கேயே புல்லில் உட்கார்ந்து அழுதாராம். மறுநாளே கமிட்டியைக் கூட்டினார். அந்தச் சுவரில் ஈரம் ஏறிக்கொண்டிருந்தது. செங்கலை எடுத்து, கோயிலுக்குள்ளே வாசல் பக்கச் சுவரில் மார்பு உயரத்தில் பதிப்பது என்று முடிவானது. அக்டோபர் இருபதாம் தேதி, ஞாயிறு ஆராதனையில், அடிமைகளின் வம்சத்தார் முன்னால் சபை மன்னிப்புக் கேட்கும். பேராயர் வருவார்.

செங்கலை எடுக்கும் வேலை டெல்மருக்கு வந்தது.

"கையால செய்யுங்க டெல்மர்," என்றார் மிஸ் எலோயிஸ். "மெஷின் வேண்டாம். எத்தனை நாள் ஆனாலும் சரி."

"உளியும் சுத்தியும்தான், மிஸ் எலோயிஸ். கவலைப்படாதீங்க."

நான் சும்மா இருக்காமல், "மாப்ளே, மெஷினைக் கையில எடுத்தே, இந்தம்மா உன்னை மணிக்கயித்துல கட்டி இழுத்துருவாங்க," என்றேன். அவர் உட்பட எல்லோரும் சிரித்தோம்.

ஜூலை ஒன்பது, செவ்வாய்க்கிழமை. தாங்க முடியாத புழுக்கம். சாயங்காலம் நாலு மணிக்கு வேறொரு வீட்டில் புகைபோக்கி வேலை பார்க்க வருவதாக டெல்மர் வாக்குக் கொடுத்திருந்தான். காலையிலிருந்து உளியால் சுரண்டியும் காரை பாதிதான் வந்திருந்தது. மதியம் 2.20-க்கு நான் ஐஸும் பொரித்த மீன் வைத்த ரொட்டியும் வாங்கப் போனேன்.

டெல்மர் சுற்றிலும் பார்த்தான். யாரும் இல்லை. லாரியிலிருந்து கட்டிங் மெஷினை எடுத்தான்.

ஐந்து நிமிஷம் கூட ஓடியிருக்காது. உள்ளே எங்கோ ஒரு கூழாங்கல் இருந்திருக்கிறது. மெஷின் ஒரு துள்ளு துள்ளியது. செங்கல் மூன்றாகப் பிளந்தது. முந்நூறு வருஷம் ஈரத்தில் ஊறிய அதன் முகப்பு, அவன் உள்ளங்கையில் மாவாக உதிர்ந்தது. அந்தப் பிள்ளையின் கை, அவன் விரல் இடுக்கு வழியாகப் புல்லில் கொட்டியது.

நான் திரும்பி வந்தபோது மணி 2.55. சுவரில் ஓட்டை. டெல்மர் ஒரு பொட்டலத்தைச் சாக்கில் சுற்றி லாரிக்குள் வைத்துக்கொண்டிருந்தான்.

"வந்துருச்சா?"

"வந்துருச்சு."

"எங்க, காட்டு."

"தொடாதே மச்சான். உப்பு பூத்திருக்கு. வீட்டுல தண்ணில போட்டு உப்பு இறக்கணும். மூணு வாரம் ஆகும்."

மீன் ரொட்டியை அவன் சாப்பிடவில்லை. அன்றைக்கு அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் ஓடைக்கரையில் மண் எடுத்துக் கொடுத்தவன் நான்தான். இரண்டு கூடை. சுவர் ஓட்டையை அடைக்க உதிரிச் செங்கல் சில தேவைப்பட்டதால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. அன்று சாயங்காலம் டெல்மர், மிஸ் எலோயிஸ் எடுத்த போட்டோவை அதே அளவில் அச்சடித்து மேசைமேல் வைத்தான். ஈரமண்ணை அச்சில் அடித்து இறக்கினான். பிறகு மகளைக் கூப்பிட்டான்.

ஜூனிக்கு அப்போது ஏழு வயது. முன்பல் இரண்டு விழுந்திருந்தது. வாய் ஓயாது.

"ஜூனி, வலது கையை இதுமேல வை."

"எதுக்குப்பா?"

"சும்மா, விளையாட்டுக்கு."

அவள் வைத்தாள். பள்ளம் போதவில்லை. அவள் கைமேல் தன் கையை வைத்து டெல்மர் அழுத்தினான். ஜூனி சிரித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று சிரிப்பை நிறுத்தினாள்.

"அப்பா, உள்ளேருந்து யாரோ தள்றாங்க."

"என்ன?"

"மண்ணுக்குள்ளேருந்து. ஒரு கை. என் கையைத் தள்ளுது."

டெல்மர் அவள் கையை எடுத்துவிட்டான். பலகைமேல் ஒரு செங்கல் அளவு மண். அவ்வளவுதான். குழந்தைப் பேச்சு என்று நினைத்தான். அப்படித்தான் நினைக்க விரும்பினான்.

காய வைத்தான். சுட்டான். ஜூலை முப்பத்தொன்று காலை 6.15-க்குச் சூளையைத் திறந்தான். சூட்டில் மண் சுருங்கும். கணக்குப் போட்டுத்தான் செய்திருந்தான். ஆனாலும் கொஞ்சம் முன்பின் ஆகும் என்று எதிர்பார்த்தான். போட்டோமேல் வைத்துப் பார்த்தான். மயிரிழை பிசகவில்லை. பழைய கையின் கட்டைவிரலில் குறுக்கே ஒரு கோடு உண்டு. வெட்டுப்பட்டு ஆறிய தழும்பு மாதிரி. புதிய செங்கலிலும் கட்டைவிரலில் அந்தக் கோடு இருந்தது.

ஜூனியின் கட்டைவிரலில் தழும்பு எதுவும் இல்லை.

சூட்டில் விட்ட விரிசல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சுண்ணாம்புத் தண்ணீர், புகைக்கரி, கருந்தேநீர் எல்லாம் பூசிப் பழசாக்கினான். ஆகஸ்ட் ஆறாம் தேதி கோயிலுக்குள் வாசலருகே பதித்தான். மிஸ் எலோயிஸ் கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு விரலால் அதைத் தொட்டார். கண் கலங்கியது.

"உங்களாலதான் இது பிழைச்சுது, டெல்மர்."

டெல்மர் குனிந்து உளியையும் சுத்தியையும் பொறுக்கி எடுத்தான்.

விஷயம் ஊரில் பரவியது. எங்கள் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். டெல்மரின் அப்பாவுக்குச் சித்தப்பா மகன் கார்ட்லாண்ட், எண்பது வயது, நூறு மைல் பஸ்ஸில் வந்தார். அந்தப் பள்ளத்தில் தன் சுண்டுவிரலை வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். "எங்க பிள்ளை..." என்றார். "எங்க பிள்ளை இது." பக்கத்தில் டெல்மர் நின்றிருந்தான். அவர் தொட்டுக்கொண்டிருந்தது ஜூனியின் கை.

முதலில் நகம்தான்.

செப்டம்பர் முதல் வாரம். ராச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது ரொவீனா ஜூனியின் கையைப் பார்த்தாள். வலது கை நகங்களுக்குள் சிவப்பு மண்.

"எத்தனை தடவைடி சொல்றது? மண்ணுல விளையாடாதேன்னு!"

"விளையாடலம்மா."

"அப்ப இது என்ன, கேக்கா?"

கழுவிவிட்டாள். மறுநாள் அதே நேரம், 6.40-க்கு, மறுபடியும் மண். அன்று முழுக்க மழை. பிள்ளை வீட்டைவிட்டு இறங்கவே இல்லை. இடது கை சுத்தமாக இருந்தது.

பிறகு சத்தம். சுவருக்கு அந்தப் பக்கம், எங்கோ தூரத்தில்.

தப்... தப்... தப்...

எலி என்றாள் ரொவீனா. ஈரமண்ணை அச்சில் அடிக்கும் சத்தம் டெல்மருக்குத் தெரியாதா?

செப்டம்பர் பதினெட்டு, புதன். விடிகாலை 5.10. ரொவீனா அவனை உலுக்கி எழுப்பினாள்.

"டெல்மர்... ஜூனி படுக்கையில இல்ல."

பின்கதவு திறந்திருந்தது. நிலா வெளிச்சம் இருந்தது. பனி விழுந்த புல்வெளி. சூளைக்கும் வேலிக்கும் நடுவில் ஜூனி நடந்துகொண்டிருந்தாள்.

இரவு உடுப்போடு. வெறுங்காலோடு. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, எதையோ பலகையில் வைத்துத் தாங்குகிறவள் போல. வேலியருகே போனாள். மெல்லக் குனிந்தாள். எதையோ இறக்கி வைத்தாள். ஓரத்தை இரண்டு தட்டு தட்டினாள். நிமிர்ந்து, வெறுங்கையோடு சூளைப் பக்கம் திரும்பி வந்தாள். மறுபடி கையை நீட்டினாள்...

"என்ன பண்றா இவ?" என்றாள் ரொவீனா.

டெல்மருக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. அறுத்த பச்சைக்கல்லை, இன்னும் சுடாத செங்கல்லை, சுமந்துபோய் வரிசையாகக் காயப்போடும் வேலை. இப்போது யாரும் அப்படிச் செய்வதில்லை. அந்தக் காலத்தில் அது பிள்ளைகள் வேலை.

யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததில்லை.

பதினான்கு நடை. 5.40-க்கு நின்றாள். அவர்களைத் தாண்டி வீட்டுக்குள் போனாள். படுத்துக்கொண்டாள்.

டெல்மர் வேலியருகே போய்ப் பார்த்தான். புல்லெல்லாம் பனியில் நனைந்து வெளுத்திருந்தது. நடுவே மட்டும் காய்ந்த கட்டங்கள். நீள்சதுரம். ஒவ்வொன்றும் ஒரு செங்கல் அளவு. நூல் பிடித்த மாதிரி வரிசையாக.

பதினான்கு.

அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு நாள், மூன்று நாள் அப்படி நடந்தது. டாக்டரிடம் போனார்கள். தூக்கத்தில் நடக்கும் பிள்ளைகள் நிறைய உண்டு, வளர வளரச் சரியாகிவிடும் என்றார். பின்கதவுக்குப் பூட்டுப் போட்டார்கள். அன்று விடிகாலை ஜூனி கதவுக்கு இந்தப் பக்கம், சமையலறையிலேயே நடந்தாள். வலது உள்ளங்கை காய்த்துப்போனது.

அக்டோபர் பத்தொன்பது, சனிக்கிழமை. மறுநாள் விழா. சாயங்காலம் ஆறரைக்கு, கோயில் எதிரே லாரிக்குள் வைத்து டெல்மர் எனக்கு எல்லாவற்றையும் சொன்னான். மெஷின், மண், ஜூனி, எல்லாவற்றையும். எஞ்சினை அணைத்த பிறகும் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்திருந்தான்.

"நாளைக்கு எல்லார் முன்னாலயும் சொல்லிரப் போறேன் மச்சான்."

இப்போது என் பங்கைச் சொல்கிறேன். இதை எழுதுவதே அதற்காகத்தான்.

"பைத்தியமா உனக்கு?" என்றேன். "முந்நூறு பேர் வர்றாங்க. கார்ட்லாண்ட் தாத்தா மறுபடி பஸ் ஏறி வர்றார். இவங்க வாயால மன்னிப்புங்கிற வார்த்தை வர முந்நூறு வருஷம் ஆயிருக்கு. நீ போய் 'அது டூப்பு'ன்னு சொல்லுவியா? அப்புறம் எல்லாமே டூப்புன்னு ஆயிரும். பேசாம இரு மாப்ளே. விழா முடியட்டும்."

"ஜூனி..."

"அவ தூக்கத்துல நடக்கறா. டாக்டரே சொல்லிட்டாரு."

அவன் என்னையே பார்த்தான். பிறகு தலையாட்டினான். பேசத் திறந்த அவன் வாயை மூடவைத்தவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை. கோயில் நிரம்பி வாசல்வரை ஆட்கள். எங்களுக்கு முதல் வரிசை. ரொவீனா, ஜூனி, டெல்மர், நான். ஜூனி மஞ்சள் கவுன் போட்டு, ஆயர் தந்த விழாப் புத்தகத்தில் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். பேராயர் மன்னிப்பு வாசகத்தைப் படித்தார். பெயர் தெரியாத அந்தக் குழந்தைக்காக மூன்று நிமிஷம் மௌனம் என்றார்.

மணி 11.07.

யாரும் இருமக்கூட இல்லை.

தப்...

நான் டெல்மரைப் பார்த்தேன். அவன் முகத்தில் ரத்தம் வற்றியிருந்தது.

தப்... தப்...

பேராயர் தலை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தார். பின்னால் யாரோ, "மரங்கொத்தி," என்று கிசுகிசுத்தார்கள்.

ஜூனி எழுந்தாள்.

புத்தகம் கீழே விழுந்தது. இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள். நடுப்பாதையில் நடந்தாள். கண் திறந்திருந்தது. வாசல் தாண்டி வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். செங்கல் இருந்த சுவருக்கு முன்னால் நின்றாள். கையை நீட்டினாள். மறுபடி வெளியே...

விழாவில் இதுவும் ஒரு பகுதி என்று ஜனங்கள் நினைத்துவிட்டார்கள். சிலர் விசும்பினார்கள். மிஸ் எலோயிஸ் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். கார்ட்லாண்ட் தாத்தா எழுந்து நின்று தொப்பியை நெஞ்சில் அழுத்திக்கொண்டார்.

மூன்றாவது நடையில் டெல்மர் பின்னால் ஓடினான். நானும் ஓடினேன்.

வடக்குச் சுவருக்கு அப்பால், புல்வெளியில், குனிந்து எதையோ இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். டெல்மர் அவள் தோளைப் பிடித்தான்.

"ஜூனி. போதும். வா."

"விடுங்க. இன்னும் நிறைய இருக்கு."

"யாரும்மா உன்னைச் செய்யச் சொன்னது?"

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். தூக்கத்தில் பேசுகிற குரல் இல்லை அது. வேறு யார் குரலும் இல்லை. எங்கள் ஜூனியின் குரல்தான்.

"நீங்கதானேப்பா கை வைக்கச் சொன்னீங்க."

டெல்மர் அங்கேயே மண்டியிட்டுவிட்டான்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனான். நடுப்பாதையில் நின்றான். மூன்று நிமிஷம் தாண்டியும் மௌனத்தை யாரும் முடிக்கவில்லை. அவனே கலைத்தான்.

"அந்தச் செங்கல் இங்க உள்ளது இல்ல. இங்க இருந்ததை நான் உடைச்சுட்டேன். மெஷினை வச்சு. அவசரத்துல. ஜூலை ஒன்பதாம் தேதி. இது நான் செஞ்சது. இது என் பொண்ணு கை."

அவ்வளவுதான் சொன்னான்.

அன்றைக்கு நடந்த அமளியை விரிவாக எழுத மனமில்லை. மிஸ் எலோயிஸ் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கார்ட்லாண்ட் தாத்தா வெளியே வந்து டெல்மருக்கு முன்னால் நின்றார். "அவங்க நம்மளை மறைச்சாங்க. நீ பொய்யா ஒண்ணைச் செஞ்சு வச்சுட்டியேடா," என்றார். "நான் அதைத் தொட்டு அழுதேனே." பஸ்ஸுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு டெல்மரோடு அவர் பேசவே இல்லை. பிப்ரவரியில் இறந்துபோனார்.

ஜூனி அன்று வீட்டுக்கு வந்து பதினாறு மணி நேரம் தூங்கினாள். அதற்கப்புறம் ஒரு நாளும் நடக்கவில்லை. நகத்தில் மண் இல்லை. சத்தம் இல்லை. உண்மையைச் சொன்னதால் விட்டுவிட்டது என்று ரொவீனா நம்பினாள். நாங்களும் நம்பினோம்.

ஜனவரியில் ஒரு மத்தியானம் மிஸ் எலோயிஸ் வீடு தேடி வந்தார். கையில் ஒரு உறை. கோபமாக வருவார் என்று நினைத்தோம். முகம் மலர்ந்திருந்தது.

செங்கலைச் சுவரிலிருந்து எடுப்பதற்கு முன்னால் கமிட்டி எதற்கும் ஒரு முறை சோதித்துவிடலாம் என்று ஒரு துணுக்கை வெட்டி அனுப்பியிருக்கிறது. ஒரு செங்கல் கடைசியாகத் தீயில் வெந்து எத்தனை வருஷமாச்சு என்று கண்டுபிடிக்கும் சோதனை அது. இரண்டு இடத்தில் செய்திருக்கிறார்கள்.

"1705-க்கும் 1735-க்கும் நடுவுலன்னு வந்திருக்கு, டெல்மர். ரெண்டு இடத்துலயும் அதேதான்." அவர் டெல்மரின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க ஒண்ணையும் உடைக்கல. மனசுல பாரம் தாங்காம என்னென்னவோ சொல்லிட்டீங்க. அது எனக்குப் புரியுது. ஊருக்கும் நான் எடுத்துச் சொல்றேன்."

"நான் செஞ்சேன் மிஸ் எலோயிஸ். என் சூளையில சுட்டேன்."

"மண்ணு நான்தான் சுமந்து குடுத்தேன்," என்றேன் நானும்.

அவர் எங்கள் இருவரையும் இரக்கத்தோடு பார்த்தார்.

உடைந்த துண்டுகளை டெல்மர் எப்போதோ ஓடையில் வீசியிருந்தான். காட்ட எதுவும் இல்லை. கடைசியில் அவன்தான் பிடிவாதம் பிடித்தான். செங்கலில் விரல் ரேகை தெளிவாக இருந்தது. ஜூனியின் ரேகையை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள், பொருந்தினால் நான் சொன்னது உண்மை என்று. மிஸ் எலோயிஸ் அவன் மன நிம்மதிக்காக ஒப்புக்கொண்டார். போலீஸில் ரேகை எடுத்து ஓய்வு பெற்ற ஒருவரை ஏற்பாடு செய்தார்.

மார்ச் மூன்று, செவ்வாய். மாலை 3.50. ரொவீனாவின் சமையலறை மேசை. ஜூனிக்கு ஒரே குஷி. மை தடவி விளையாடுவதாக நினைத்தாள்.

முதலில் இடது கை. ஐந்து விரலும் அழகாக விழுந்தன. கோடு கோடாக, சுழி சுழியாக.

பிறகு வலது.

ரேகைக்காரர் கட்டைவிரலை உருட்டி எடுத்தார். தாளைப் பார்த்தார். மை அதிகமாகிவிட்டது என்றார். துடைத்துவிட்டு மறுபடி எடுத்தார்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

மூன்றாவது முறை எடுத்தார். பிறகு ஜூனியின் விரல்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இவ கை எதுலயாவது சுட்டுக்கிச்சா? ஆசிட் ஏதாவது பட்டுதா?"

"இல்லையே."

"இந்த மாதிரி விரல் நான் பார்த்திருக்கேன்," என்றார். "செங்கல் வேலை செய்யறவங்ககிட்ட. மண்ணும் கல்லும் தேச்சுத் தேச்சு ரேகையே அழிஞ்சு போயிருக்கும். ஆனா அதுக்கு முப்பது நாப்பது வருஷம் வேலை செஞ்சிருக்கணும்."

ஜூனி மையைக் கழுவப் போனாள்.

அந்தத் தாள் என்னிடம்தான் இருக்கிறது. இடது பக்கம் ஒரு குழந்தையின் ஐந்து ரேகை. வலது பக்கம் வரிசையாக ஐந்து கறுப்பு வட்டம்.

ஒன்றிலும் ஒரு கோடு இல்லை.